மழைநாட்டில் வில்லைக் காத்தல்

வில் போர்க்களத்தை விட்டு நீங்கி நெடுங்காலம் ஆயிற்று. ஆயினும் வீடுகளை விட்டு அது முற்றும் நீங்கிவிடவில்லை. நெல்லை, குமரி மாவட்டங்களிலிருந்து கொச்சியில் வந்து குடியமர்ந்த குடும்பத்தாரிடம் வில்லுப்பாட்டுக்குரிய பெரிய வில் பரணில் இருப்பதுண்டு. கோயிற் கொடை வரும்போது அதனை இறக்கி ஊருக்குக் கொண்டுபோவர். வில்வித்தை பயிலத் தொடங்கும் பிள்ளைகள் முதலில் தொடுவது பெரும்பாலும் மூங்கில் வில்லே. 1973-இல் தோன்றிய இந்திய வில்வித்தைச் சங்கத்தின் போட்டிகளில் 'இந்தியச் சுற்று' என்னும் பிரிவு மூங்கில் வில்லுக்கென்றே அமைந்தது. திருவனந்தபுரத்திலிருந்து ஓணவில்லை வாங்கிவந்து முன்கூடத்துச் சுவரில் மாட்டியிருப்போரும் உளர். பயன் வேறு, உருவம் வேறு எனினும் இம்மூன்றுக்கும் பகை ஒன்றே. அது ஈரம்.

கொச்சிக் கரை வில்லுக்குப் புதிய இடம் அன்று. இது பழைய சேர நாடு. சேரர் தம் கொடியிலும் காசிலும் வில்லையே பொறித்தனர். கொச்சிக்கு வடக்கே கொடுங்கல்லூரை அடுத்து அவர்தம் முசிறித் துறை இருந்தது. மட்டாஞ்சேரியில், 1555-இல் போர்த்துகேசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்து, 1663-இல் டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனையின் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. வில்லின்றி இராமாயணம் தீட்டுவது எங்ஙனம்? இன்னும் வடக்கே வயநாட்டில், குறிச்சியர் என்னும் மலைமக்கள் 1802-ஆம் ஆண்டு பனமரத்தில் ஆங்கிலேயர் படையை வில்லும் அம்பும் கொண்டே தாக்கி வென்றனர். காசில் பொறித்த வில் ஈராயிரம் ஆண்டு நிற்கும். மூங்கிலிற் செய்த வில்லோ, கவனிப்பார் இல்லையெனில், இந்நாட்டு மழைக்காலம் இரண்டினைத் தாங்காது.

இடக்கொச்சியை எடுத்துக்கொள்வோம். பல்லுருத்திக்குத் தெற்கே, அரூர்ப் பாலத்துக்கு இப்பால், காயலை ஒட்டிக் கிடக்கும் பகுதி இது. கொச்சியில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். அது ஓய்ந்து மூச்சுவிடுமுன் துலாமாதத்து இடிமழை. மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் நாள் முழுதும் 85 விழுக்காட்டை ஒட்டியும் அதற்கு மேலும் நிற்கும். நெல்லைச் சீமையின் வறண்ட காற்றில் பிறந்த ஒரு பனைவில்லுக்கு இது வேற்று நாடு என்பதில் ஐயமில்லை. வீட்டுக் கண்ணாடிச் சட்டத்தின் உட்புறம் பூசணம் படர்வதையும், அலமாரிச் செருப்பில் பச்சை பூப்பதையும் கண்டவர்களுக்கு இதற்குமேல் சான்று வேண்டா.

ஈரம் வில்லை எவ்வாறு கெடுக்கிறது? மரமும் மூங்கிலும் வெட்டப்பட்ட பின்னும் காற்றிலுள்ள நீரை வாங்கியும் விட்டும் வாழ்வன. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது மரத்தில் அதன் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காடு நீர் தங்கும். காற்று 85, 90 என ஏறினால் மரத்தின் நீர் 18, 20 வரை உயரும். இருபதைத் தாண்டினால் பூசணம் குடியேறி உள்ளே செல்லத் தொடங்கும். அதற்கு முன்பே மற்றொரு கேடு நிகழ்கிறது. ஈரம் ஏறிய மரம் தன் விறைப்பை இழக்கிறது. அந்நிலையில் வில்லை வளைத்து நாணேற்றினால், முதுகுப்புறத்து நார்கள் நீளும். அம்பெய்பவரை நோக்கியிருக்கும் வயிற்றுப்புறத்து நார்கள் நசுங்கும். நசுங்கியவை மீள்வதில்லை. நாணை அவிழ்த்த பின்னும் வில் நேராகாமல் வளைந்தே நிற்பது இதனாலேயே. வில் தளர்ந்துவிட்டது என்று மூத்தோர் சொல்வது இதனை.

ஆகவே முதல் விதி, பயன்படுத்தாத போது நாணை இறக்கி வைத்தல். இதில் விலக்கு இல்லை. மர வில்லும் மூங்கில் வில்லும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நாணேறி நிற்றல் ஆகாது. பயிற்சி முடிந்து வீடு திரும்பும் பிள்ளை, நாணேறிய வில்லைக் கதவுக்குப் பின்னால் சார்த்திவிட்டுச் சோற்றுக்குப் போவது எங்கும் காணும் காட்சி. அதில் பிழை இரண்டு. நாண் இறக்கப்படவில்லை, வில் ஒரு முனையில் நின்று சுமை தாங்குகிறது. பல நாள் ஒரு முனையில் நின்ற வில்லின் கீழ்க்கை மேற்கையினும் தளர்ந்துவிடும். பின்னர் அம்பு குறியினின்றும் விலகும். கீழ்முனை தரையிலிருந்து ஈரத்தையும் கறையானையும் ஒருசேர ஏற்கும். வில்லைப் படுக்கை நிலையில், சமதூரத்தில் அமைத்த இரண்டு அல்லது மூன்று முளைகளின்மேல் வைக்க வேண்டும். முளைகளுக்குத் துணி சுற்றுதல் நன்று. நடுவில் ஒரே ஆணியில் மாட்டினால் இரு கைகளும் ஆண்டுக்கணக்கில் கீழ்நோக்கித் தொங்கும்.

எந்தச் சுவர் என்பதும் கருதத்தக்கது. மழையை நேரே வாங்கும் மேற்குச் சுவர் உட்புறத்திலும் வியர்க்கும். குளியலறைக்குப் பொதுவான சுவரும் அத்தகையதே. வீட்டின் நடுவே இரு அறைகளைப் பிரிக்கும் உட்சுவரே தக்க இடம். அங்கும் வில் சுவரைத் தொடாமல் நான்கு விரற்கடை விலகி நிற்க வேண்டும். காற்று பின்னாலும் செல்லட்டும்.

இச்செய்தி நமக்குப் புதிது போலத் தோன்றலாம். கௌடலியரின் அர்த்தசாத்திரம் படைக்கலக் கொட்டில் அதிகாரிக்குக் கூறும் கடமைகளுள் இதுவும் உண்டு. படைக்கலங்களை அடிக்கடி இடம் மாற்றி வைக்க வேண்டும், வெயிலில் காட்ட வேண்டும், வெப்பத்தாலும் ஈரத்தாலும் புழுவாலும் கெடக்கூடியவற்றைத் தனியே காக்க வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. வில்லுக்குரிய பொருள்களாகப் பனை, மூங்கில், மரம், கொம்பு ஆகிய நான்கினையும் அது கூறுகிறது. நாணுக்குரியவற்றுள் எருக்கு நார், சணல், மூங்கில், நரம்பு முதலியன உள. மறைந்துபோயிற்று என்று கருதப்பட்ட இந்நூலின் ஏடு தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவரால் மைசூர் நூலகத்துக்கு வந்து, சாமசாஸ்திரியாரால் 1909-இல் அச்சேறியது. ஏடும் மூங்கிலைப் போல ஈரத்துக்கும் பூச்சிக்கும் தப்பித்தான் நம் கைக்கு வந்தது.

வெயிலில் காட்டுதல் என்பதை மட்டும் நாம் ஆராய்ந்து கொள்ள வேண்டும். வாளும் கவசமும் நண்பகல் வெயிலைத் தாங்கும். மழைக்காலம் முழுதும் நீர் குடித்திருந்த வில்லை மொட்டைமாடியில் நேர் வெயிலில் போட்டால், வெளிப்புறம் விரைந்து உலர்ந்து சுருங்கும். உட்புறம் ஈரமாகவே இருக்கும். அவ்விரண்டின் இழுப்பில் மரம் நீளவாக்கில் வெடிக்கும். காலை வெயில் அரைமணி நேரம், அதன்பின் காற்றோட்டமான நிழல். இவ்வாறு ஒரு வாரம் செய்தல் போதும். மழைக்காலத்திலேயே வில்லைப் பெட்டியில் காக்க விரும்புவோர் மரக்கரித் துண்டுகளைத் துணிப்பையிற் கட்டி உடன் வைக்கலாம். கடைகளிற் கிடைக்கும் சிலிகா ஜெல் மணிகள் இன்னும் நன்று. ஈரம் நிறைந்த மணிகளைச் சட்டியில் மெல்லச் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். முன்னாளில் அலமாரிக்குள் சிறிய மின்விளக்கு ஒன்றை எரியவிட்டு ஈரத்தைப் போக்கினர். இன்று அம்முறையைப் பின்பற்றி எல்.இ.டி. விளக்கை மாட்டுவோர் ஏமாறுவர். அது வெளிச்சம் தரும், வெப்பம் தருவது அற்பம்.

இனி வில்லுப்பாட்டு வில்லுக்கு வருவோம். இதனைச் சற்று விரித்தே கூற வேண்டும், ஏனெனில் இதுவே பல வீடுகளில் அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது. பனையின் வைரத்தாலோ மூங்கிலாலோ செய்யப்பட்டு, ஆளினும் நீண்டு, மணிகள் கோக்கப்பட்டு, முறுக்கிய தோல் நாண் பூட்டப்பட்டு, குடத்தோடு சேர்த்துக் கட்டி வீசுகோலால் அடிக்கப்படும் கருவி இது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இக்கலையை நகரமேடைக்குக் கொணர்ந்தார். வானொலி நேயர்கள் நன்கறிந்த சுப்பு ஆறுமுகம் அதனைத் தம் வாழ்நாள் முழுதும் வளர்த்து, 2021-இல் பத்மஸ்ரீ பெற்று, 2022-இல் மறைந்தார். நாட்டுப்புறத்தில் இக்கருவி வெறும் இசைக்கருவி அன்று. சுடலைமாடன், முத்தாரம்மன் முதலிய தெய்வங்களின் கதையைச் சொல்வது. பாட்டனார் கை பட்ட வில் என்றால் அதனை விலைகொடுத்து மீண்டும் பெற முடியாது.

இவ்வில்லிலே உள்ள இடர் அதன் உறுப்புகள் பல என்பது. மரம் ஒருவகையில் கெடும், தோல் மற்றொருவகையில், மணி வேறொருவகையில். தோல் நாண் ஈரத்தில் நீண்டு தளரும், உலர்ந்ததும் இறுகும். நார் நாண் இதற்கு நேர்மாறு: நனைந்தால் நார்கள் உப்பி, முறுக்கு இறுகி, நாண் குறுகும். எனவே நார் நாண் பூட்டிய வில் ஒரு மழையிரவில் தானே இறுகித் தன் கையைத் தானே வருத்திக்கொள்ளும். மருள் என்னும் மரல் செடியின் நாரில் நாண் திரிப்பது நம் நாட்டுப் பழைய வழக்கம். ஆங்கிலேயர் அச்செடிக்கு 'வில்நாண் சணல்' என்றே பெயரிட்டனர். எந்த நாணாயினும், கொடை முடிந்த மறுநாளே அதனைத் தளர்த்தி, உலர்ந்த துணியால் துடைத்து, வளையமாகச் சுற்றித் தனியே வைக்க வேண்டும். மடித்து வைத்தால் மடிப்பிலே தோல் வெடிக்கும். தோலில் பூசணம் கண்டால் மென்மையான தூரிகையால் வீட்டுக்கு வெளியே தட்டிவிட்டு, நிழலில் உலர்த்துக.

மணிகளைக் கழற்றி வைத்தல் நலம். பித்தளையும் வெண்கலமும் காயற்காற்றின் உப்பில் களிம்பு ஏறும்; அக்களிம்பு தொட்ட மரத்தில் பச்சைக் கறையாகப் படியும். கழற்ற இயலாதெனில் மணிக்கும் மரத்துக்கும் இடையே பருத்தித் துணியைச் சுற்றுக. புளியிட்டு மணியைத் துலக்குவோர் வில்லில் மாட்டியபடியே துலக்குதல் கூடாது. பட்டுத்துணி, ஜரிகை முதலிய அலங்காரங்களை வில்லிலேயே விட்டுவைத்தால் அவை நீரை உறிஞ்சி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

பிளாஸ்டிக் உறைபற்றி ஒரு சொல். ஊரிலிருந்து புகைவண்டியில் வரும்போது வில்லைத் துணி சுற்றிக் குழாய்க்குள் செருகிக் கொண்டுவருதல் அறிவுடைமை. வீட்டுக்கு வந்த பின்னும் அக்குழாயிலேயே அடைத்துவைத்தல் அறிவுடைமை அன்று. குழாய்க்குள் சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றி அங்கேயே வேலை செய்யும். பருத்தி உறையே வேண்டுவது.

எண்ணெய் பூசுதலிற் பெரும்பிழை நிகழ்கிறது. கேரளத்து வீட்டில் கைக்கெட்டும் எண்ணெய் தேங்காயெண்ணெய். அது உலர்ந்து படலமாகும் இயல்புடையது அன்று. பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துச் சிக்கலடிக்கும். நல்லெண்ணெயும் பெரிதும் அதனைப் போன்றதே. உலரும் எண்ணெய், ஆளிவிதை எண்ணெய். உலர்ந்த வில்லின்மேல், மழை தொடங்குவதற்கு முன்பாக, ஏப்ரல் இறுதியில் மெல்லிய பூச்சாக இட்டு, எஞ்சியதைத் துடைத்து, முற்றும் உலர்ந்தபின் தேன்மெழுகு தேய்க்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அது உலரும்போது எழும் வெப்பத்தால் தானே தீப்பற்றக்கூடும். அத்துணியை விரித்து வெளியில் உலரவிட்டோ நீரில் ஊறவைத்தோ பின்னர் அகற்றுக. ஈரம் ஏறிய வில்லின்மேல் எண்ணெயோ வார்னிஷோ பூசுவதிலும் பயனில்லை. வெளியீரம் உட்புகாமல் தடுக்கும் பூச்சு, உள்ளீரம் வெளியேறாமலும் தடுக்கும்.

பூச்சிகளுள் கறையானை யாவரும் அறிவர். மூங்கில் வில்லுக்கு அதனினும் கொடியது மூங்கிலைத் துளைக்கும் சிறுவண்டு. குண்டூசித் துளை போன்ற ஓட்டைகளும், அவற்றின் கீழே மாவு போன்ற துகளும் கண்டால் அது உள்ளே இருக்கிறது என்று அறிக. அவ்வண்டு விரும்புவது மூங்கிலில் உள்ள மாச்சத்து. மூங்கிலை வெட்டும் பருவத்தையும், வெட்டியபின் ஓடும் நீரில் வாரக்கணக்கில் ஊறவைப்பதையும் நம் முன்னோர் வற்புறுத்தியது இம்மாச்சத்து குறையும்பொருட்டே. வில்லுக்குச் சரத்காலத்தில் வெட்டிய மூங்கிலே சிறந்தது என்று அக்கினி புராணத்தின் வில்வித்தைப் பகுதியும் கூறும். இன்று வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் மூங்கிலை ஊறவைத்துப் பதப்படுத்துகின்றனர். வில் வாங்கும்போதே இவ்வாறு பதப்படுத்திய மூங்கிலா என்று கேட்டறிதல் நன்று. துளை விழுந்த வில்லை உடனே மற்றப் பொருள்களிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். பிரம்பு நாற்காலியும் கூடையும் அடுத்த இரை ஆகலாம். வேப்பிலை, வசம்பு ஆகியன வரவிருக்கும் பூச்சியை ஓரளவு தடுக்கலாம், உட்புகுந்ததை வெளியேற்றா.

பழைய வீடுகளில் கூடை, முறம், விதை முதலியவற்றை அடுப்பின்மேற் பரணில் வைத்தனர். புகை பூச்சியை விலக்கிற்று. இளஞ்சூடு ஈரத்தைப் போக்கிற்று. வில்லும் அங்கே நன்றாகவே இருந்தது. எரிவாயு அடுப்பு வந்த பின்னும் சிலர் பழக்கத்தால் அடுக்களைப் பரணிலேயே வில்லை வைக்கின்றனர். இப்போது அங்கே புகை இல்லை; சோறு வடிக்கும் ஆவி மட்டுமே உண்டு. இதனினும் தீய இடம் வீட்டில் வேறில்லை எனலாம்.

ஓணவில் எய்வதற்குரியது அன்று. திருவோண நாளில் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் காணிக்கையாக வைக்கப்படுவதும், பலகைபோல் தட்டையான மரத்தில் அனந்தசயனம், தசாவதாரம் முதலியன தீட்டப்பட்டதும் ஆகிய படையற்பொருள். ஓணக் காலத்தில் கொட்டி இசைக்கும் சிறுவில்லுக்கும் அப்பெயர் உண்டு, அது வேறு. தீட்டிய வில்லுக்கு நாம் மேலே கூறிய எண்ணெயும் மெழுகும் ஆகா, ஈரத்துணியும் ஆகாது. மென்தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். சாளரத்து வெயில் விழும் சுவரில் மாட்டினால் வண்ணம் வெளிறும். ஆயுத பூசையன்று இதற்குச் சந்தனமும் குங்குமமும் இடுவோர், ஈரச்சந்தனத்தை ஓவியத்தின்மேல் இடாமல் முன்னே ஒரு தட்டில் வைத்து வழிபடலாம். தெய்வம் பொறுத்துக்கொள்ளும், வண்ணம் பொறுக்காது.

கொம்பு வில் வைத்திருப்போர் சிலரே. மரத்தின் ஒருபுறம் கொம்பும் மறுபுறம் நரம்பும் பசையால் ஒட்டிச் செய்யும் இவ்வில் முகலாயர் காலத்தில் வடநாட்டில் சிறந்து விளங்கியது. பசை விலங்குத் தோலிலிருந்தோ மீனின் காற்றுப்பையிலிருந்தோ எடுத்தது, ஈரத்தில் இளகும். கொரிய நாட்டார் இத்தகைய வில்லை வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துக் காப்பர். நாண் இறக்கிய நிலையில் இவ்வில் எதிர்ப்புறமாக வளைந்து நிற்கும். அதனை அறியாதார், காணும் வளைவின் வழியே நாணேற்ற முயன்று முறித்துவிடுவதுண்டு. பழைய கொம்பு வில் கையிலிருப்பின் அதற்கு நாணேற்றாமலிருப்பதே அதனைக் காக்கும் வழி.

டில்லி, நாகபுரி, ஜெய்ப்பூர் முதலிய இடங்களில் வாழும் நேயர்கள், ஈரம் பற்றிய இவ்வளவு பேச்சும் தமக்கு எதற்கு என்று எண்ணலாம். அவர்க்குரிய இடர் நேர் எதிரானது. மே மாதத்து வறட்சியில் மரத்தின் நீர் மிகக் குறைந்தால் வில் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடையும். குளிர்சாதனப் பெட்டியின் காற்று நேரே படும் இடத்திலும், கதவடைத்து வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் வில்லை வைக்கலாகாது. கொச்சியிலிருந்து அங்கே கொண்டுசென்ற வில்லை இரண்டு மூன்று வாரம் வாளா வைத்திருந்து, அவ்வூர்க் காற்றுக்குப் பழகிய பின்னரே வளைக்க வேண்டும்.

நீண்ட நாள் கிடந்த வில்லை எடுத்தவுடன் முழுதும் இழுத்தல் உயிருக்கே இடர் தரும். முறியும் வில்லின் துண்டு முகத்தை நோக்கியே தெறிக்கும். தென்மேற்குப் பருவம் ஓய்ந்து ஆயுத பூசை வரும் நாள்கள் இவ்ஆய்வுக்கு இயல்பாகவே பொருந்தியவை. நல்ல வெளிச்சத்தில் வில்லின் முதுகை விரலால் தடவிப் பார்க்க. பஞ்சை ஓட்டினால் எழுந்த சிராய் எங்கேனும் இருப்பின் அதிற் சிக்கும். குறுக்காக ஓடும் மயிரிழைக் கோடு நீளவாக்குக் கோட்டினும் அபாயமானது. நாணின் முனைக்கண்ணிகள் தேய்ந்துள்ளனவா என்று பார்க்க. பின்னர் நாணேற்றிச் சிறிது சிறிதாக, பல தவணைகளில், இழுப்பை மிகுத்துச் செல்க. அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடுதல் எக்காலத்தும் கூடாது. அம்புக்குச் செல்ல வேண்டிய விசை வில்லுக்கே திரும்பி அதனைப் பிளக்கும். வேடிக்கைக்காகப் பிள்ளைகள் செய்வது இதுவே.

ஆய்வில் வில் தேறவில்லையெனில் அதனை எய்வதற்கோ அடிப்பதற்கோ மீண்டும் எடுக்க வேண்டா. ஆயின் எறிந்துவிடவும் வேண்டா. அதன் மொத்த நீளம், நடுவிலும் முனைகளிலும் உள்ள அகலம், கனம், நாண் பொருந்தும் வெட்டின் ஆழம், நாணின் நீளம் ஆகியவற்றை அளந்து ஒரு தாளில் எழுதி, மரத்தின் பெயரையும் தெரிந்தால் செய்தவர் ஊரையும் சேர்த்து, அவ்வில்லோடே கட்டிவைக்க. அடுத்த வில்லைச் செய்யும் தச்சருக்கு வேண்டுவது அந்த அளவுகளே.